போர் பைப்பைத் தின்றது எந்தக் கரண்டு?

வாலாஜாபேட்டையில் எங்கள் அக்கா வீட்டு ஆழ்துளைக் கிணற்றில், அதாவது போரில், போன சித்திரையில் தண்ணீர் பாதியாகக் குறைந்துபோனது. மோட்டார் ஓடுகிற சத்தம் கேட்கிறது, தொட்டி நிரம்புவதற்கோ மூன்று மணி நேரம் ஆகிறது. ஆள் வைத்து, முக்காலி நட்டு, செயின் போட்டு 300 அடி ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய இரும்பு) பைப்பையும் நீளம் நீளமாக வெளியே எடுத்தார்கள். 15 பைப்பில் நான்கில் ஓட்டை. எல்லா ஓட்டையும் சாக்கெட்டுக்குப் பக்கத்தில், மரை வெட்டிய இடத்தில். இறக்கி ஒன்பது வருடம்தான் ஆகியிருந்தது. மெக்கானிக் ஒரு ஓட்டையில் சுண்டுவிரலை விட்டுக் காட்டி, “கரண்டு துன்னுட்டுது சார், உப்புத் தண்ணி வேற” என்றார்.

அக்கா என் பக்கம் திரும்பினாள். “நீதானே ஸ்கூல்ல கெமிஸ்ட்ரி எடுக்கிறே. கரண்டு எப்படிடா இரும்பைத் தின்னும்?”

மோட்டாருக்குப் போவது ஏ.சி. (திசை மாறி மாறி ஓடும்) மின்சாரம், அது இரும்பை இப்படி அரிக்காது, உப்புதான் காரணம் என்று அப்போது சொல்லிவிட்டேன். அந்தப் பதிலில் பாதிதான் சரி. மெக்கானிக் சொன்னதில் நான் கவனிக்காத ஒரு உண்மை இருந்தது. பைப்பைக் கரண்டுதான் தின்றது. ஆனால் அது ஈ.பி. கம்பத்திலிருந்து வந்த கரண்டு இல்லை. அது எங்கிருந்து வந்தது என்று சொல்வதற்கு, உலோகம் ஆக்சிஜனோடு சேரும்போது என்ன நடக்கிறது என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

ஆக்சிஜனேற்றம் என்றதும் எரிவதும் துருப்பிடிப்பதும்தான் நினைவுக்கு வரும். உள்ளே நடப்பது எலக்ட்ரான் கைமாறுவது. உலோக அணு எலக்ட்ரானைக் கொடுத்துவிட்டு நேர்மின் அயனியாகிறது, ஆக்சிஜன் அதை வாங்கிக்கொண்டு எதிர்மின் அயனியாகிறது. இரண்டும் சேர்ந்தால் ஆக்சைடு. நேர்மின்னும் எதிர்மின்னும் பிரிந்து நிற்கிற இடத்தில் எல்லாம் மின்புலம் இருக்கும். ஆகவே எந்த பேட்டரியும் எந்த ஒயரும் இல்லாமல், சும்மா காற்றில் கிடக்கிற உலோகத்தின் மேலேயே ஒரு மின்புலம் உண்டாகிறது. எவ்வளவு பெரிய புலம் என்பதுதான் இதில் முதல் ஆச்சரியம்.

அக்கா வீட்டு ஜன்னல் அலுமினியம், கேட் இரும்பு. கேட்டுக்குப் பொங்கலுக்குப் பொங்கல் பெயிண்ட் அடித்தாலும் மழைக்காலம் முடிவதற்குள் ஓரங்களில் துரு எட்டிப் பார்க்கிறது. ஜன்னலுக்கு இதுவரை ஒரு பூச்சும் கிடையாது. இத்தனைக்கும் ஆக்சிஜனோடு சேருவதில் இரும்பைவிட அலுமினியத்துக்கு நாட்டம் அதிகம். வெட்டிய அலுமினியத்தின் புதுமுகம் காற்றைக் கண்ட கணத்திலேயே ஆக்சைடாக மாறத் தொடங்கிவிடுகிறது. ஆனால் 2 முதல் 4 நானோமீட்டர் தடிமன் வந்ததும் நின்றுவிடுகிறது. நம் தலைமுடியின் தடிமனை இருபதாயிரமாகப் பிரித்தால் ஒரு பங்கு எவ்வளவோ, அவ்வளவுதான் அந்தப் படலம். அதை வைத்துக்கொண்டு ஜன்னல் இருபது வருடம் நிற்கிறது.

இதில் இரண்டு புதிர்கள். அலுமினிய ஆக்சைடு கெட்டியான பொருள். அறை வெப்பநிலையில் அதற்குள் அயனிகள் தானாக நகரவே முடியாது. அப்படியானால் முதல் அடுக்கு உருவானதோடு எல்லாம் நின்றிருக்க வேண்டும், பத்துப் பன்னிரண்டு அடுக்கு வரை எப்படி வளர்ந்தது? சரி, வளர முடிகிறது என்றால், ஏன் நிற்கிறது?

1933இல் கார்ல் வாக்னர் என்ற ஜெர்மானியர் உலோகம் ஆக்சைடாவதற்கு ஒரு நல்ல கோட்பாடு கொடுத்திருந்தார். அது உலைச்சூட்டுக்குப் பொருந்தும். கருமான் பட்டறையில் செக்கச்செவேலென்று காய்ந்த இரும்பின் மேல் செதில் செதிலாகக் கருப்பாக எழும்புகிறதே, அது அவர் கணக்கில் அடங்கும். அங்கே சூட்டின் பலத்திலேயே அயனிகள் நகருகின்றன. படலம் தடிக்கத் தடிக்க வேகம் குறைகிறது. தடிமன் இரட்டிப்பாக நான்கு மடங்கு நேரம் பிடிக்கும். ஆனால் நம் ஜன்னலைப் பற்றி அந்தக் கோட்பாட்டால் ஒன்றும் சொல்ல முடியவில்லை.

சொன்னவர்கள் நெவில் மாட், நிக்கோலாஸ் கப்ரேரா இருவரும். இங்கிலாந்தின் பிரிஸ்டல் பல்கலைக்கழகத்தில் இருந்தபோது, 1940களின் கடைசியில், அவர்கள் எழுதிய கோட்பாடு இன்றும் இந்தத் துறையின் அடித்தளம். கப்ரேரா ஸ்பெயினிலிருந்து வந்தவர். மாட் பிற்பாடு 1977இல், வேறு வேலைக்காக, இயற்பியல் நோபல் வாங்கினார்.

அவர்கள் காட்டிய படம் இது. உலோகத்தின் மேல் மெல்லிய ஆக்சைடு. அதன் மேல் ஆக்சிஜன் வந்து ஒட்டுகிறது. அயனிகளால் ஆக்சைடைக் கடக்க முடியாது, ஆனால் எலக்ட்ரானால் முடியும். படலம் சில நானோமீட்டர்தான் என்பதால் குவாண்டம் விதிப்படி எலக்ட்ரான் சுவரைத் துளைக்காமலேயே மறுபக்கம் போய்விடுகிறது. அங்கே ஆக்சிஜன் அதைப் பிடித்துக்கொள்கிறது. இப்படியே வெளிப்பக்கம் எதிர்மின்னும், உலோகத்தின் பக்கம் நேர்மின்னும் சேருகின்றன. இரண்டு பக்கத்துக்கும் நடுவே ஏறக்குறைய 1 வோல்ட் வித்தியாசம் வந்ததும் எலக்ட்ரான் போவதும் வருவதும் சமமாகிவிடுகிறது. இதை மாட் மின்னழுத்தம் என்கிறார்கள்.

1 வோல்ட் என்றால் ஒன்றரை வோல்ட் டார்ச் செல்லைவிடக் குறைவு. ஆனால் மின்புலம் என்பது வோல்ட்டைத் தூரத்தால் வகுத்தது. தூரம் 1 நானோமீட்டர். வகுத்தால் மீட்டருக்கு 100 கோடி வோல்ட் வருகிறது.

இந்த எண்ணை நம் ஊர் எண்களோடு வைத்துப் பார்க்கலாம். காட்பாடி ஜங்ஷனில் தண்டவாளத்துக்கு மேலே போகிற கம்பி 25,000 வோல்ட். ராணிப்பேட்டை பெல் தொழிற்சாலையில் அனல்மின் நிலையங்களுக்கென்று புகையிலிருந்து சாம்பலைப் பிரிக்கும் ராட்சதப் பெட்டிகள் செய்கிறார்கள். அதற்குள் பல பத்தாயிரம் வோல்ட் கொடுத்து, மீட்டருக்குச் சில லட்சம் வோல்ட் அளவுக்குப் புலத்தை உண்டாக்கித்தான் தூசியை இழுக்கிறார்கள். காற்றே தாங்காமல் தீப்பொறி பறக்க மீட்டருக்கு 30 லட்சம் வோல்ட் வேண்டும். அக்கா வீட்டு ஜன்னல் சட்டத்தின் மேல், ஒரு சத்தமும் இல்லாமல், அதைப் போல முந்நூறு மடங்கு புலம் ஒரு காலத்தில் வேலை செய்து முடித்திருக்கிறது. எனக்கு இது படித்த நாளிலிருந்து வியப்பு. வகுப்பில் சொல்லும்போதெல்லாம் பிள்ளைகள் ஜன்னலைத் தொட்டுப் பார்க்கிறார்கள்.

அந்தப் புலம் செய்கிற வேலை என்ன? ஆக்சைடுக்குள் ஒரு அயனி நிற்கிற பள்ளத்துக்கும் அடுத்த பள்ளத்துக்கும் நடுவே ஒரு மேடு இருக்கிறது. ஏலகிரிக்கு மாட்டுவண்டி ஏறுவதைப் போல. பாரம் ஏற்றிய வண்டி தானாக ஏறாது. மலையையே ஒரு பக்கமாகச் சாய்த்துவிட்டால்? ஏற்றம் சமதரையாகி வண்டி உருண்டு அந்தப் பக்கம் போய்விடும். 100 கோடி வோல்ட் புலம் மலையைச் சாய்க்கிறது. உலோக அயனிகள் மேடு தாண்டி வெளியே இழுக்கப்பட்டு ஆக்சிஜனோடு சேர்ந்து புது அடுக்கு கட்டுகின்றன. முதல் புதிர் அவிழ்ந்தது.

இரண்டாவது புதிருக்கும் இதிலேயே பதில் இருக்கிறது. வோல்ட் மாறுவதில்லை, தடிமன் மட்டும் ஏறுகிறது. 1 நானோமீட்டர் 2 ஆனதும் புலம் பாதி. மலையின் சாய்வும் பாதி. ஆனால் மேடு தாண்டுகிற வேகம் சாய்வோடு நேர்விகிதத்தில் குறைவதில்லை. அடுக்குக்குறிக் கணக்கில் சரிகிறது. புலம் பாதியானால் வேகம் ஆயிரத்தில் ஒன்றாகக்கூட விழலாம். நொடியில் ஒரு அடுக்கு கட்டிய இடத்தில் அடுத்த அடுக்குக்கு நிமிடம், அதற்கடுத்ததற்கு மணி, அப்புறம் நாள் என்று போகும். ஒரு அணு அடுக்கு சேர ஒரு லட்சம் விநாடி, அதாவது ஒரு நாளுக்கு மேல் ஆகிற நிலையை எட்டினால் வளர்ச்சி நின்றதாக வைத்துக்கொள்ளலாம் என்று ஒரு எல்லை போட்டார்கள். சூடு ஏற ஏற அந்த எல்லை தள்ளிப் போகும். வேலூர் வெயில் 42 டிகிரியைத் தொட்டாலும் அலுமினியத்துக்கு அது பெரிய சூடு இல்லை.

சரி, வெளியிலிருந்து நாம் வோல்ட் கொடுத்தால் நின்ற படலம் மறுபடி வளருமா? வளரும். அலுமினிய பேப்ரிகேஷன் கடைகளில் ‘அனோடைஸ்’ பண்ணிய சட்டம் என்று விற்கிறார்களே, அது இப்படி வளர்த்ததுதான். அலுமினியத்தை அமிலத் தொட்டியில் தொங்கவிட்டு டி.சி. (ஒரே திசையில் ஓடும்) மின்சாரத்தின் பாசிட்டிவ் முனையில் மாட்டுகிறார்கள். படலத்தைக் கரைக்காத திரவமாக இருந்தால் ஒவ்வொரு வோல்ட்டுக்கும் 1.3 நானோமீட்டர் போலப் படலம் தடித்து நிற்கும். 100 வோல்ட் கொடுத்தால் 130 நானோமீட்டர். இதிலிருந்தே புலத்தைக் கணக்கிட்டுப் பாருங்கள், மீட்டருக்கு 77 கோடி வோல்ட் வருகிறது. ஜன்னல் தானாகச் செய்துகொண்டதும் பட்டறையில் நாம் செய்வதும் ஒரே அளவுப் புலம்! புலம் ஏறினால் அயனி ஓட்டம் அடுக்குக்குறிக் கணக்கில் ஏறுகிறது என்பதை குந்தர்ஷுல்ட்செ, பெட்ஸ் என்ற இருவர் 1934இலேயே சோதனையில் கண்டிருந்தார்கள். மாட் அதற்குக் காரணம் சொன்னார் என்றுகூடச் சொல்லலாம்.

கடையில் கந்தக அமிலத் தொட்டியில், 15 முதல் 20 வோல்ட் வரை கொடுத்துச் செய்வதில் ஒரு கூடுதல் வசதி. அமிலம் படலத்தை ஒரு பக்கம் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்து நுண்துளைகளை உண்டாக்குகிறது. துளையின் அடியில் மெல்லிய சுவர் எப்போதும் இருப்பதால் புலம் தளர்வதில்லை, படலம் 5 முதல் 25 மைக்ரான் (ஒரு மைக்ரான் 1000 நானோமீட்டர்) வரை வளர்ந்துகொண்டே போகிறது. அந்தத் துளைகளில் சாயம் ஏற்றி, கொதிநீரில் போட்டு வாயடைத்தால் தங்க நிறம், காப்பிப்பொடி நிறம் எல்லாம் கிடைக்கும்.

டைட்டானியத்துக்குச் சாயமே வேண்டாம். வோல்ட்டை மாற்றினால் படலத்தின் தடிமன் மாறும். மழை ரோட்டில் பெட்ரோல் சிந்திய இடம் வண்ணம் காட்டுவது போல, தடிமனுக்கு ஏற்ப ஒளி பிரிந்து நீலம், மஞ்சள், ஊதா என்று நிறம் வரும். எலும்பு முறிவுக்கு வைக்கிற டைட்டானியம் திருகாணிகளை அளவுவாரியாக அடையாளம் பார்க்க இப்படி நிறமேற்றுவது உண்டு. வேலூருக்கு வைத்தியத்துக்கு வந்து உடம்பில் தகடு வைத்துக்கொண்டு திரும்புகிறவர்கள் எத்தனையோ பேர். ரத்தமும் உடல் நீரும் உப்புநீர்தான். அதற்குள் அந்தத் தகடு வருடக்கணக்கில் கிடந்தும் அரிக்கப்படாமல் இருப்பதற்குக் காரணம், மின்புலம் கட்டிக்கொடுத்த அதே நானோமீட்டர் சுவர்.

டிவி, இன்வெர்ட்டர் போர்டுகளில் உருளையாக நிற்கிற எலக்ட்ரோலைட்டிக் கண்டன்சருக்குள்ளும் இந்தச் சுவர்தான். அலுமினியத் தாளின் மேல் வளர்த்த ஆக்சைடே அதில் மின்காப்பு. அதனால்தான் பிளஸ், மைனஸ் பார்த்து மாட்ட வேண்டும். மாற்றி மாட்டினால் புலம் திரும்பி, சுவர் பழுதாகி, உள்ளே வாயு சேர்ந்து தலை வெடிக்கும். புலத்துக்குத் திசை உண்டு என்பதற்கு இதைவிட நேரடியான சாட்சி கிடையாது.

திசை பற்றி இன்னும் இரண்டு செய்தி. 1962இல் ஜார்கென்சன் என்ற ஆய்வாளர் உலைச்சூட்டில் சிலிக்கானுக்கு வெளியிலிருந்து வோல்ட் கொடுத்து, ஒரு திசையில் ஆக்சைடு வளர்ச்சி வேகமெடுப்பதையும் எதிர்த்திசையில் தளர்வதையும் காட்டினார். சிலிக்கான் உலோகம் இல்லைதான். ஆனால் கெட்டிப் படலத்துக்குள் மின்னேற்றம் பெற்ற துகள்தான் நகருகிறது என்பதை அது உறுதி செய்தது. 1990இல் அமெரிக்காவில் டகாட்டாவும் கூட்டாளிகளும் ஊசிமுனை நுண்ணோக்கியின் முனையாலேயே காற்றில் சிலிக்கான் மேல் ஆக்சைடுக் கோடு வரைந்தார்கள். முனைக்கும் பரப்புக்கும் நடுவே காற்றின் ஈரம் ஒரு துளியாகச் சேர்ந்து, அந்த ஒரு துளியே அனோடைசிங் தொட்டி ஆகிவிடுகிறது. டைட்டானியம் படலத்திலும் இப்படி எழுத முடிகிறது.

இதுவரை சொன்னதில் மின்புலம் கொத்தனார் வேலை பார்க்கிறது. அக்கா வீட்டு போரில் அது எப்படித் திருடனாக மாறியது?

மாறியது புலம் இல்லை, அயனி நடக்கிற வழி. கெட்டியான ஆக்சைடுக்குள் ஒரு அடி எடுத்து வைக்க 100 கோடி வோல்ட் புலம் தேவைப்பட்டது. தண்ணீருக்குள், அதுவும் உப்புத் தண்ணீருக்குள், அயனி மீன் மாதிரி போகும். அங்கே மீட்டருக்கு ஒரு வோல்ட்டில் பத்தில் ஒரு பங்கு போதும். இரும்பின் துரு வேறு அலுமினிய ஆக்சைடு போல இறுகி ஒட்டாது. உப்பிப்போய், பொத்தல் பொத்தலாக, ஈரத்தை உள்ளே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும். சுவரே எழும்பவில்லை என்றால் நிற்பதற்கு எல்லை ஏது.

எவ்வளவு இரும்பு போகும் என்று பாரடே விதி சொல்கிறது. 1 ஆம்பியர் டி.சி. மின்னோட்டம் இரும்பிலிருந்து மண்ணுக்குள்ளோ தண்ணீருக்குள்ளோ ஒரு வருடம் வெளியேறினால் 9 கிலோவுக்கு மேல் இரும்பு கரையும். டி.சி.யில் ஓடிய பழைய டிராம், ரயில் பாதைகளின் அருகே பூமிக்குள் கசிந்த மின்னோட்டம் தண்ணீர்க் குழாய்களை அரித்த கதை உலகம் முழுக்க உண்டு. நம் ஊர் வழியாகப் போகிற ரயில் ஏ.சி.; வீட்டுக்கு வருகிற மின்சாரமும் ஏ.சி. விநாடிக்கு 100 தடவை திசை மாறுவதால், அரைச் சுற்றில் வெளியேறிய அயனி பெரும்பாலும் அடுத்த அரைச் சுற்றில் திரும்பிவிடுகிறது. மிக அதிக ஏ.சி. அடர்த்தியில், உயரழுத்தக் கம்பிகளுக்கு இணையாகப் புதைத்த குழாய்களில், இதனாலும் அரிப்பு நடந்ததுண்டு. வீட்டு போரில் அந்த அளவுக்கு ஏ.சி. கசிந்தால் பைப் ஓட்டையாவதற்கு முன்னால் ஆளுக்கே ஆபத்து. அதனால்தான் அன்றைக்கு மெக்கானிக் பேச்சை நான் ஏற்கவில்லை.

மறுநாள் காலை வீட்டுக்குப் பின்னால் எர்த் குழியைப் பார்த்தபோதுதான் பொறி தட்டியது. நம் ஊரில் எர்த் குழி எப்படிப் போடுகிறோம்? குழி தோண்டி, நடுவே பைப்பையோ தகட்டையோ நிறுத்தி, சுற்றிலும் அடுப்புக்கரியும் கல்லுப்பும் அடுக்கடுக்காகக் கொட்டி, அடிக்கடி தண்ணீர் ஊற்றுகிறோம். அங்கிருந்து எர்த் ஒயர் மோட்டார் உடம்புக்குப் போகிறது. மோட்டாரின் தலையில் ஜி.ஐ. பைப் மாட்டியிருக்கிறது. ஆக, ஒரு பக்கம் உப்பில் ஊறிய கரி, இன்னொரு பக்கம் உப்புத் தண்ணீரில் நிற்கிற இரும்பு, நடுவே ஈரமண், இரண்டையும் இணைக்க ஒரு செம்பு ஒயர். இது ஒரு பேட்டரி. டார்ச் செல்லுக்குள்ளும் கரிக்கோலும் துத்தநாகமும்தானே இருக்கின்றன! கரிக்கும் இரும்புக்கும் ஏறக்குறைய 1 வோல்ட் வித்தியாசம். எலக்ட்ரான் எர்த் ஒயர் வழியாகக் கரிக்குப் போகும்; அதற்கு ஈடாக இரும்பு அயனி தண்ணீருக்குள் இறங்கும். இது சுத்தமான டி.சி. திசை மாறாது, இரவிலும் நிற்காது, ஈ.பி.யில் கரண்ட் இல்லாத நேரத்திலும் ஓடும்.

அதே மாதிரி அமைப்புள்ள பக்கத்து வீட்டு போரில், எலக்ட்ரீஷியனைக் கூட வைத்துக்கொண்டு, மெயின் ஸ்விட்சை முழுக்க அணைத்துவிட்டு, எர்த் ஒயரைக் கழற்றி நடுவே மல்டிமீட்டரை வைத்துப் பார்த்தோம். சில மில்லி ஆம்பியர் காட்டியது. 5 என்று வைத்துக்கொண்டால் வருடத்துக்கு 45 கிராம், ஒன்பது வருடத்தில் 400 கிராம் இரும்பு. 300 அடி பைப்பின் எடைக்கு அது ஒன்றுமில்லை. ஆனால் அரிப்பு பரவலாக நடக்காது. ஜி.ஐ. பைப்பில் துத்தநாகப் பூச்சு இருக்கிற இடத்தில் முதலில் துத்தநாகம்தான் கரையும். மரை வெட்டும்போது பூச்சையும் சேர்த்து வெட்டிவிடுகிறார்கள், பைப்பும் அங்கே மெலிந்துவிடுகிறது. நாலைந்து மரையில் நூறு நூறு கிராம் போனால் என்ன ஆகும் என்பதை மெக்கானிக்கின் சுண்டுவிரல் காட்டிவிட்டது.

இங்கேயும் அந்த 1 வோல்ட்தான் என்பதைக் கவனியுங்கள். ஜன்னல் மேல் 1 நானோமீட்டரில் விழுந்த 1 வோல்ட், இங்கே 10 மீட்டர் தூரத்துக்கு விழுகிறது. புலம் 1000 கோடி மடங்கு பலவீனம். ஆனாலும் பலமான புலம் ஜன்னலைக் காத்தது, பலவீனமான புலம் பைப்பைத் தின்றது.

அந்த ஒரு வோல்ட்டுக்கு இவ்வளவு சுலபமான வழி போட்டுக்கொடுத்தது உப்பு. இதைச் சொல்லும்போது பாலாற்றைச் சொல்லாமல் விட முடியாது. வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டு, மேல்விஷாரம், ராணிப்பேட்டை என்று ஆற்றை ஒட்டித் தோல் பதனிடுகிற ஊர்கள். பச்சைத்தோல் கெடாமல் இருக்க உப்புப் போட்டுத்தான் வைப்பார்கள்; பதனிடுமுன் ஊறப்போட்டு அலசும்போது அந்த உப்பு அத்தனையும் தண்ணீரில் இறங்கும். எத்தனையோ வருடமாக அது நிலத்தடி நீரில் சேர்ந்திருக்கிறது. தொழில் ஆயிரக்கணக்கான குடும்பங்களுக்குச் சோறு போடுகிறது, அதை நான் மறுக்கவில்லை. ஆனால் விவசாயக் கிணறு கரிப்பாகிப்போன ஒரு தலைமுறையின் கஷ்டத்தைச் சிறுவயதில் பக்கத்திலிருந்து பார்த்தவன் நான்.

உப்பில் இருக்கிற குளோரைடு அயனி தண்ணீரை நல்ல மின்கடத்தி ஆக்குவதோடு நிற்பதில்லை. உலோகத்தின் பாதுகாப்புப் படலத்தில் ஒரு பலவீனமான புள்ளி கிடைத்தால் அங்கே உடைத்து உள்ளே போகிறது. குழிக்குள் உலோக அயனிகள் சேரச் சேர நேர்மின் கூடும். அது மேலும் எதிர்மின் குளோரைடை உள்ளே இழுக்கும். குழி நீர் அமிலமாகும். படலம் திரும்பக் கட்டவே முடியாது. அன்று பைப்பின் மேல் கொப்புளம் போலக் கட்டியிருந்த துருவை மெக்கானிக் ஸ்பேனரால் தட்டி உடைத்தார். உள்ளே துருவின் சிவப்பே இல்லை, கரும்பச்சையாகச் சேறு. காற்று படாத இரும்பு. டீ வாங்கி வருவதற்குள் அது செங்காவி நிறத்துக்கு மாறியிருந்தது.

குரோமியத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. தோல் பதனிட குரோமிய உப்பு வேண்டும். அதைத் தயாரித்த கழிவு ராணிப்பேட்டையில் மலை போலக் கொட்டிக் கிடந்து மண்ணையும் நீரையும் கெடுத்தது ஊரறிந்த துயரம். அதே குரோமியம் இரும்போடு 10.5 சதவீதத்துக்கு மேல் கலந்தால் எவர்சில்வர். அதன் மேல் 1 முதல் 3 நானோமீட்டர் குரோமிய ஆக்சைடு கட்டிக்கொண்டு, சமையலறையில் புளியும் உப்பும் பட்டாலும் மின்னுகிறது.

மின்னோட்டத்தின் திசை தெரிந்துவிட்டால் அதைத் திருப்பிவிடவும் முடியும். 1824இல் ஹம்ப்ரி டேவி, கப்பல்களின் அடியில் அடித்திருந்த செம்புத் தகட்டோடு துத்தநாகத்தையோ இரும்பையோ இணைத்துவிட்டால் அது கரைந்து செம்பைக் காப்பாற்றும் என்று காட்டினார். செம்பு தப்பித்தது. ஆனால் கடல் சிப்பிகளை அண்டவிடாமல் வைத்திருந்ததே கரைகிற செம்புதான். கரைவது நின்றதும் அவை வந்து அப்பிக்கொண்டன. நம்மிடமும் இப்படி ஒரு கதை உண்டு. சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தில் 1930களில் எஸ். பரமசிவன் என்ற வேதியியலாளர், பச்சைப் பொடியாக உதிர்ந்துகொண்டிருந்த செப்புத் திருமேனிகளை மின்பகுப்புத் தொட்டியில் வைத்து, நெகட்டிவ் முனையில் மாட்டி, களிம்பையும் அதற்குள் ஒளிந்திருந்த குளோரைடையும் வெளியேற்றினார். அலுமினியத்துக்குப் பாசிட்டிவ் கொடுத்தால் ஆக்சைடு வளர்கிறது. சிலைக்கு நெகட்டிவ் கொடுத்தால் ஆக்சைடு உலோகமாகத் திரும்புகிறது. நூற்றாண்டுகளாக மண்ணுக்குள் நடந்ததை ஒரு கண்ணாடித் தொட்டியில் பின்னோக்கி ஓட்டியதை நினைத்தால் எனக்கு இன்றும் சிலிர்க்கிறது.

இந்த அறிவுக்கென்றே காரைக்குடியில் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. அழகப்பச் செட்டியார் கொடுத்த நிலத்திலும் பணத்திலும் எழுந்தது. 1953 ஜனவரியில் திறந்துவைத்தவர் டாக்டர் ராதாகிருஷ்ணன். அவர் வேலூர் ஊரீசு கல்லூரியில் படித்தவர் என்பதில் எங்கள் ஊர்க்காரர்களுக்குத் தனிப் பெருமை. எண்ணெய்க் குழாய், பாலத்தின் கம்பி, துறைமுகத்தின் இரும்புத் தூண் எல்லாவற்றையும் மின்னழுத்தம் கொடுத்துக் காப்பது இன்று வழக்கமான பொறியியல்.

வீட்டு போருக்கு அவ்வளவு வேண்டாம். அக்காவிடம் போய் என் பழைய பதிலைத் திருத்திச் சொன்னேன். “அப்ப எர்த்தைக் கழட்டிடலாமா?” என்று உடனே கேட்டாள். கூடவே கூடாது. பைப் போனால் பைப்தான் போகும். எர்த் போனால் ஒரு நாள் ஆள் போய்விடும். மாற்ற வேண்டியது பைப்பைத்தான். அந்த வாரமே பிளாஸ்டிக் ‘காலம்’ (column) பைப் இறக்கினோம். இப்போது விலையிலும் ஜி.ஐ.க்கு அது குறைவு, எடையும் இல்லை, மரையில் கரையவும் அதில் ஒன்றும் கிடையாது. எர்த் குழியைப் பற்றியும் பேசினோம். அடுத்த தடவை புதுப்பிக்கும்போது கரி, உப்புக்குப் பதிலாகக் களிமண் வகைப் பெண்டோனைட் நிரப்பலாம் என்று எலக்ட்ரீஷியன் சொன்னார். அது நல்ல யோசனை.

இப்போது அந்தச் சுற்றில் மிச்சம் இருக்கிற உலோகம் மோட்டாரின் எவர்சில்வர் உடம்பு ஒன்றுதான். 300 அடிக்குக் கீழே, பாலாற்று உப்பில் நிற்கிறது. எர்த் ஒயர் அதில்தான் இணைந்திருக்கிறது, அதன் மேல் இரண்டு நானோமீட்டர் குரோமிய ஆக்சைடு. மோட்டாரை அடுத்த முறை மேலே தூக்கும்போது என்னைக் கூப்பிடச் சொல்லியிருக்கிறேன். முதலில் அந்த ஒயர் முடிச்சுப் போட்ட இடத்தைத்தான் பார்க்க வேண்டும்.